முடிச்சும் மூடியும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லான்காஸ்டர் மாவட்டத்தில், டிராக்டரை வயலில் இறக்காத ஆமிஷ் விவசாயிகள்கூட பேலரை விடவில்லை. எஞ்சின் பொருத்தி, கோவேறு கழுதைகளைப் பூட்டி இழுக்கிறார்கள். காய்ந்த புல்லை அழுத்திக் கட்டுகளாக்கும் இயந்திரம் இது. முன்பெல்லாம் தூசிக்கு நடுவே உட்கார்ந்து ஆட்கள்தான் கட்டினார்கள். தானே முடிச்சுப் போடும் பேலரை உள்ளூர்க்காரரான எட் நோல்ட் உருவாக்க, 1940ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இங்குள்ள நியூ ஹாலண்ட் ஊரின் கம்பெனி.

கொட்டகை மூலைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பேலர்கள், ஃபோர்-ஹெச், எஃப்.எஃப்.ஏ. போன்ற இளைஞர் அமைப்புகளின் மாணவர்களுக்கு நல்ல பாடம். துருவைச் சுரண்டுவது சுலபம். முடிச்சுதான் சோதனை. பெரிய சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, கயிறு எங்கே நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். கொக்கி தேய்ந்தாலோ கத்தி மழுங்கினாலோ கட்டு வயலிலேயே அவிழ்ந்துவிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பின்னால் வந்த மாடல்களில் டிராக்டரிலிருந்து சக்தி தரும் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். சட்டை நுனி சிக்கினால் உதறிக்கொள்ள நேரமிருக்காது. பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் இதன் மூடிதான் முதலில் காணாமல் போயிருக்கும்.

16 வயதுக்கு உட்பட்டவர்களைக் கூலிக்கு பேலர் இயக்கவைக்க அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற 14, 15 வயதினருக்கு விலக்கு உண்டு. பெற்றோரின் சொந்தப் பண்ணைக்கோ இந்தத் தடையே கிடையாது. அங்கே பிள்ளையின் கையைக் காப்பது அந்த மூடிதான். பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்.