துணைக்கு ஒரு ஆள்



எங்கள் பள்ளியின் கணக்கு சாருக்கும் எனக்கும் சர்க்கரை. ஓய்வுக்குப் பிறகு வருடம் ஒருமுறை திருச்சி போய் இருவரும் கண்ணைக் காட்டி வருவோம். என் மகள் கல்யாண வேலையில் ஒரு வருடம் நான்தான் சொன்னேன்: "அடுத்த மாசம் போலாம் சார், கண்ணு நல்லாத்தானே தெரியுது." அடுத்த மாதம் அடுத்த வருடமானது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இடது கண் போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னால்தான் மறக்க முடியவில்லை.

விழித்திரையில் ரத்தக்குழாய் கசியத் தொடங்கும்போது வலிக்காது. பார்வையும் மங்காமல் இருக்கலாம். அப்போதே பார்த்தால் லேசரோ ஊசியோ போட்டு இருக்கிற பார்வையைக் காக்கலாம். போனது பெரும்பாலும் திரும்பாது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கும். தனியாக பஸ் ஏற பயம். "கூட வர ஆளில்லை சார்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட காரணம்.

அதனால் தெருவில் ஏழு பேருடைய தேதியை என் காலண்டரில் குறித்திருக்கிறேன். முந்தின நாள் போன். காலையில் லால்குடியிலிருந்து சத்திரம் பஸ். மேலப்புதூர் ஜோசப் கண் மருத்துவமனையோ, பெரியாஸ்பத்திரியோ, அவரவர் காட்டும் இடம். மதியம் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன்.

வரும் வியாழன் கணக்கு சாரின் வலது கண்ணுக்குத் தேதி. நானும் காட்டிக்கொள்கிறேன், துணைக்கு என் மகன் வருகிறான்.

உங்கள் தெருவில் யாருக்குத் தேதி? கேட்டுப் பாருங்கள்.