ஹப்பா? டாக்கா?



அம்மாவின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து வருகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று நண்பர்கள் போனில் கேட்டார்கள்: "இப்ப வர்ற லேப்டாப்புல ரெண்டு ஓட்டைதானே இருக்கு? ஸ்கேனர், பெரிய திரை, ஹார்டு டிஸ்க் எல்லாத்தையும் எதுல மாட்டுறீங்க?" அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம், கொஞ்சம் வீட்டு விஷயம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

முன்பெல்லாம் லேப்டாப்பின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். திரைக்கு ஒன்று, இணைய வயருக்கு ஒன்று, பென் டிரைவுக்கு மூன்று. லேப்டாப் மெலியத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இன்று மிச்சம் இருப்பது நீள்வட்டமான டைப்-சி துளை. 2014-இல் வெளிவந்த வடிவம் அது. சார்ஜ் ஏறுவது, படம் திரைக்குப் போவது, கோப்புகள் வந்து போவது எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாக நடக்கும். அந்த வாசலைப் பல வாசல்களாகப் பிரித்துத் தர இரண்டு வகைச் சாதனங்கள் உண்டு. ஒன்று ஹப். இன்னொன்று டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக்.

"ஹப்பா, டாக்கா?" என்று நான் வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "டாக்காவா? அது பங்களாதேஷ்ல இல்ல இருக்கு?" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அதன் பெயர் டாக்காதான்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். திருச்சி 'டி' டிவிஷன். அதனால் எனக்கு இது உடனே புரிந்தது. அப்போது ஓடும் ரயிலில் தபால் பிரித்த செக்‌ஷன் ஒன்று. ஸ்டேஷனை ஒட்டி ஒரே இடத்தில் இயங்கும் சார்ட்டிங் ஆபீஸ் இன்னொன்று. இரண்டிலும் நடந்தது ஒரே வேலைதான். ஆனால் ரயிலில் இடம் குறைவு, வெளிச்சம் குறைவு, ஏற்றிக்கொண்டு போனதை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஆபீஸில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆள் போய் உட்கார்ந்தால் போதும். ஹப் என்பது ரயில் செக்‌ஷன். டாக் என்பது சார்ட்டிங் ஆபீஸ்.

ஹப் உள்ளங்கை அளவுதான். வால் போல ஒரு சின்ன வயர். சட்டைப்பையில்கூடப் போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் ரூ. 1,500 முதல் 4,000 வரை கொடுத்தால் நல்லதாகவே கிடைக்கிறது. டாக் தடித்த புத்தகம் போல மேஜையில் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று தனி அடாப்டர் உண்டு. விலை பெரும்பாலும் ரூ. 10,000-க்கு மேல்.

பொங்கலுக்கு வந்த என் மகன் அவனுடைய ஹப்பை என்னிடம் விட்டுப் போனான். ஒரு மாதம் அதை வைத்தே வேலை பார்த்தேன். பெரிய திரையை மாட்டினேன், கீபோர்டு மாட்டினேன். அருமையாக இருந்தது. இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆன எனக்கு 24 அங்குலத் திரையில் எழுத்துகளைப் பார்ப்பது ஒரு சுகம். ஆனால் ஸ்கேனரையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினால் தகராறு. ஸ்கேனர் ஓடத் தொடங்கியதும் ஹார்டு டிஸ்க் தானாகக் கழன்றுகொண்டது போல மறைந்துவிடும்.

காரணம் மின்சாரம். ஹப்புக்கென்று சொந்த வருமானம் கிடையாது. லேப்டாப் கொடுப்பதைத்தான் பங்குபோட்டுக் கொடுக்கும். டைப்-சி துளை வழியாக லேப்டாப் வெளியே கொடுப்பது அதிகபட்சம் 15 வாட் அளவுதான். பல லேப்டாப்புகளில் அதற்கும் குறைவு. என் ஸ்கேனருக்குத் தனி அடாப்டர் இல்லை, ஹார்டு டிஸ்க்குக்கும் இல்லை. இரண்டும் ஒரே இலையில் சாப்பிட உட்கார்ந்தால் ஒன்றுக்குப் பத்தாது. டாக் அப்படியல்ல. சுவரிலிருந்து நேரே மின்சாரம் எடுத்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, லேப்டாப்புக்கும் சார்ஜ் ஏற்றும்.

நம் ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கரண்ட் போனால் டாக் செத்துவிடும். அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் அந்த நொடியே நின்றுவிடும்; எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகலாம். ஆகவே டாக் வாங்குகிறவர்கள் அதை இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கிலோ யு.பி.எஸ்.ஸிலோதான் மாட்ட வேண்டும். லேப்டாப் பேட்டரியில் ஓடும் ஹப்புக்கு இந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் கணக்குப் பார்த்த பிறகு டாக்தான் என்று முடிவாயிற்று. மகனிடம் சொன்னேன். அவன் பெங்களூரில் இருக்கிறான். "நல்லதுப்பா, நானே ஆர்டர் போட்டுடறேன். ஆனா அட்ரஸ் இங்கதான் போடப்போறேன். உங்க ரூம்ல மேஜை, சேர் எல்லாம் ரெடி" என்றான்.

அவன் சொன்னது டாக்கைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கும் தெரியும். இரண்டு வருடமாகவே எங்களை அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். போன வருடம் இவள் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வாரம் ஒரு முறையாவது அந்தப் பேச்சு வரும். அவன் பயம் நியாயமானது. எனக்கு வயது 73.

ஹப் என்றால் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. எந்த ஊர் என்று அது கேட்காது. டாக் மட்டும்தான் "உன் மேஜை எங்கே?" என்று கேட்கிறது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் இவள்தான் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அத்தையோட லெட்டரெல்லாம் மூணு டிரங்குப் பெட்டி நிறைய இங்க இருக்கு. அதைத் தூக்கிட்டுப் போனா வீட்டையே தூக்கிட்டுப் போற மாதிரி. லெட்டர் இருக்கற இடத்துலதானே மெஷினும் இருக்கணும்?"

அன்று மாலை மகனுக்குப் போன் செய்தேன். டாக் திருச்சிக்கு வரட்டும் என்றேன். சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அப்ப வரமாட்டீங்களாப்பா?" என்றான். வருவோம், வந்து தங்குவோம், திரும்பி வருவோம் என்றேன். எங்கள் இருவரில் ஒருவருக்குத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று வந்தால் நானே வாய் திறந்து கேட்பேன், நீ கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். மனைவி போனை வாங்கி, "டாக்காவைக் கழட்ட அஞ்சு நிமிஷம் போதும்டா. பாத்ரூம்ல பிடிச்சுக்கறதுக்குக் கம்பி போடச் சொல்லிட்டேன், கவலைப்படாதே" என்றாள். அவன் சிரித்துவிட்டான். மறுநாளே ஆர்டர் போட்டான். அவனுடைய ஹப்பை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான். பெங்களூர் அறையில் அவனுடைய பழைய திரை ஒன்று இருக்கிறது. அங்கே போனால் ஹப்பை மாட்டி அதில் எழுதிக்கொள்வேன்.

உங்களில் யாராவது வாங்குவதாக இருந்தால், எனக்குத் தெரிந்த நாலு விஷயம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் லேப்டாப்பின் டைப்-சி துளை படத்தையும் வெளியே அனுப்புமா என்று பாருங்கள். எல்லாத் துளையும் அனுப்பாது. கையேட்டில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' அல்லது 'தண்டர்போல்ட்' என்று இருக்க வேண்டும். புரியவில்லை என்றால் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, 4கே திரை வைத்திருப்பவர்கள் விலை மலிந்த ஹப்பில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிலவற்றில் படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். மவுஸ் அம்பு நொண்டி நொண்டி நகரும். '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். சாதாரண முழு எச்.டி. திரைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

மூன்றாவது, ஒரு திரை, கீபோர்டு, மவுஸ், எப்போதாவது ஒரு பென் டிரைவ் என்றால் ஹப்பே போதும். அதையே மேஜையில் மாட்டி வைத்துவிட்டால் ஒரு வயரைச் சொருகினால் எல்லாம் வந்துவிடும். பத்தாயிரம் செலவு செய்யத் தேவையில்லை. ஹப் தொட்டால் சூடாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். லேசான சூடு சகஜம்.

நாலாவது, இரண்டு திரை, ஸ்கேனர், ஹார்டு டிஸ்க் என்று நிரந்தரமாக ஒரு வேலை இருந்தால் டாக் வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் மேஜையை முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதுவரை 212 கடிதங்கள் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. முதல் டிரங்குப் பெட்டியே இன்னும் காலியாகவில்லை. 1974-இல், நான் வேலையில் சேர்ந்த புதிதில், அம்மா எழுதிய ஒரு போஸ்ட்கார்டு நேற்று கையில் வந்தது. அதைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.