மூன்று விரல் பாதம்

'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்'. 1984. எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு எல்லாம் ஜான் சேல்ஸ்.

வேற்றுக்கிரகத்து அடிமை ஒருவன் தப்பி ஓடி வருகிறான். தோல் கறுப்பு. கலம் நியூயார்க் துறைமுகத்தில் விழுகிறது.

கரையேறும் இடம் எல்லிஸ் தீவு.

ஒரு பாதம் போய்விட்டது. ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போகிறான். பிறகு பாதம் முளைத்துவிடுகிறது. மூன்றே விரல்.

1892 முதல் 1954 வரை குடியேறிகளை நிறுத்திவைத்துப் பதிந்த தீவு அது. படம் எடுத்த காலத்தில் பாழடைந்து கிடந்தது. சுவரில் கை வைக்கிறான். என்றோ அங்கே காத்துக் கிடந்தவர்களின் குரல்கள். பல மொழிகள். ஒரு துணைநடிகர்கூடக் கிடையாது, வெறும் ஒலி.

அறிவியல் புனைவுக்கு இவ்வளவு போதும் என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது.

அவனாக நடிப்பவர் ஜோ மார்ட்டன். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. கண், கழுத்து, கை. அவ்வளவுதான் அவரிடம்.

அவனுக்குப் பெயரும் இல்லை.

நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லமில் ஒரு பார். ஓடெல் என்பவருடையது. கெட்டுக் கிடக்கும் வீடியோ கேம் மிஷினைத் தொடுகிறான். ஓடுகிறது.

இத்தனை பெரிய ஆற்றல், கடைசியில் ரிப்பேர் வேலைக்குத்தான் போகிறது. சம்பளம், வாடகை அறை.

கேம் எல்லாம் சலித்துப்போன ஒரு பெண். அவளுக்காக மிஷினின் வேகத்தைக் கூட்டிவிடுகிறான். அவள் முகம்!

பேசாதவனிடம் எல்லோரும் பேசுகிறார்கள். அறை கொடுத்தவள், பாரில் பக்கத்தில் உட்கார்ந்தவன், வழி தவறி ஹார்லமுக்குள் வந்துவிட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள். கேட்காமலே சின்ன வயதுக் கதைவரை வந்துவிடுகிறது.

அவனைத் தேடி வரும் இருவர். கறுப்பு உடை. ஒருவர் சேல்ஸ், மற்றவர் டேவிட் ஸ்ட்ராதெய்ர்ன். பாரில் உட்கார்ந்து பீர் கேட்கிறார்கள். ஐஸ் போட்டு.

இவர்களுக்கு ஆங்கிலம் வருகிறது. அவனுக்குப் பேச்சே வரவில்லை.

ஏ ரயில், ஹார்லமுக்குப் போகிற சுரங்க ரயில். ஃபிஷர் ஸ்டீவன்ஸ், அப்போது இளைஞன். சீட்டுக்கட்டை வைத்து நீளமாக ஒரு கதை சொல்கிறான். பிறகு, இந்தப் பெட்டியில் இருக்கிற வெள்ளைக்காரர்களை எல்லாம் மறைய வைக்கட்டுமா என்கிறான். 59ஆம் தெரு. கதவு திறக்கிறது. இறங்கிப் போகிறார்கள். அடுத்த நிறுத்தம் 125, ஹார்லம்.

தந்திரக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. ரயில் அப்போது அன்றாடம் செய்ததுதான்.

செலவு சுமார் 3.5 லட்சம் டாலர். அதில் ஒரு பங்கு, சேல்ஸுக்குக் கிடைத்த மெக்ஆர்தர் அறக்கட்டளை நிதியிலிருந்து.

அதற்கு முன் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். 'பிரானா', 1978. ஸ்பீல்பெர்க்குக்காக 'நைட் ஸ்கைஸ்' என்று ஒன்று, அது படமாகவில்லை. அதிலிருந்து கிளைத்ததுதான் 'ஈ.டி.' என்பார்கள். அந்த வேற்றுக்கிரகவாசியை உலகமே அறியும்.

ஹெராயினில் செத்த பையன். இங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. வேற்றுக்கிரகத்தான் தன் கண்ணைக் கழற்றி ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். யார் வந்தார்கள், போனார்கள் என்று கண் பதிந்து வைத்திருக்கிறது. இந்தப் பகுதி கொஞ்சம் இழுவை. அப்படிச் சொன்னாலும், வெட்டச் சொல்ல மனம் வரவில்லை.

தப்பி ஓடும் அடிமையின் படம் ஒன்று. பக்கத்தில் ஒரு சிறுவன். வேற்றுக்கிரகத்தான் அவனிடம் படத்தைக் காட்டுகிறான், தன்னைக் காட்டுகிறான், கட்டைவிரலால் மேலே காட்டுகிறான்.

ஒளிப்பதிவு எர்னஸ்ட் டிக்கர்சன். ஐந்து வருடம் கழித்து ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' படத்துக்கும் அவரே. இந்தப் படத்தில் இரவு பார், மங்கல் பல்பு, கறுப்பு முகங்கள். ஒரு முகமும் இருட்டில் கரைந்துபோவதில்லை. அந்தக் காலத்துப் படங்களில் இது சாதாரணமில்லை.

வேற்றுக்கிரகத்தானைப் போலத் தப்பி வந்தவர்கள் வேறு சிலரும் ஹார்லமில் இருக்கிறார்கள். முடிவில்தான் தெரிகிறது. எப்போது வந்தார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள், சொல்வதில்லை.

முதல் பாதியில் தெருவில் நடந்து போகிறவர்களை மறுபடி கவனிக்க வேண்டும். குறிப்பாக எதுவும் பேசாதவர்களை.