தலை உடைந்த கிட்டாருக்கு என்ன விலை?

மக்களே, முதல்ல ஒரு கணக்கு. ஒரு பொருளை 19,000 ரூபாய்க்கு வாங்குறீங்க. நாலே மாசத்துல அது உடையுது. 3,500 செலவு பண்ணி ஒட்டுறீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதை ஒரு ஜூனியருக்கு விக்கணும். என்ன விலை சொல்வீங்க?

எம்-3 வரைக்கும் அரியர் இல்லாம தாண்டின எனக்கு, இந்தக் கணக்குக்கு விடை கிடைக்க ஃபைனல் இயர் வரைக்கும் ஆச்சு. அந்தக் கதைதான் இது. செகண்ட் ஹேண்ட் கிட்டார் வாங்கப் போறவங்களுக்கு உருப்படியா நாலு விஷயமும் இருக்கு. கிட்டார் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம், தப்பில்லை.

பொருள் என்னன்னு சொல்லிடறேன். செமி ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார். பார்க்க வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்துல ஓட்டை. உள்ளே காலி. ஆனா முழுக்கக் காலி இல்லை, நடுவுல நீளமா ஒரு மரக்கட்டை ஓடும். அந்தக் கட்டைக்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே காலியான பழைய கிட்டார்களை ஆம்ப்ல போட்டு சத்தத்தைக் கூட்டினா, ஸ்பீக்கர்ல இருந்து வர்ற அதிர்வு உடம்புக்குள்ள போய், திரும்ப பிக்கப்ல ஏறி, ஊளையிட ஆரம்பிக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச பாசிட்டிவ் ஃபீட்பேக்தான், காதால கேட்கலாம். 1940-ஐ ஒட்டி லெஸ் பால் என்ற கலைஞர் ஒரு மொட்டைக் கட்டையை எடுத்து, அதுக்கு ரெண்டு பக்கமும் கிட்டார் உடம்பை வெட்டி ஒட்டிப் பார்த்தார். 1958-ல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-335 மாடலைக் கொண்டுவந்தது: நடுவுல கட்டை, ரெண்டு பக்கமும் காலி. இன்னைக்கு நாம பார்க்கிற பெரும்பாலான செமி ஹாலோ கிட்டார்கள் அதோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

என்னோடது அப்படி ஒரு பேரப்பிள்ளை. செர்ரி சிவப்பு. கம்பெனி பேர் வேண்டாம், நடந்ததுல அவங்க தப்பு எதுவும் இல்லை.

செகண்ட் இயர்ல, தாம்பரம் பக்கம் ஒரு மாடி வீட்டுல போய் அதை வாங்கினேன். பணம் அம்மா கொடுத்தது, சீட்டு எடுத்த பணம். “படிப்பு கெடக்கூடாது”ங்கிறது மட்டும்தான் கண்டிஷன். வித்தவர் வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போனார், டீ கொடுத்தார், சின்ன ஆம்ப்ல மாட்டி வாசிச்சும் காட்டினார். “தம்பி, சாயங்காலம் இன்னொருத்தர் பார்க்க வர்றார்” என்றார். அந்த ஒரு வரி போதும் எனக்கு. நான் பார்த்ததெல்லாம் சிவப்பு நிறத்தையும் எஃப் ஓட்டையையும் மட்டும்தான். ஒரு தடவைகூட திருப்பிப் பார்க்கலை.

நாலு மாசம் கழிச்சு ஒரு மதியம், ஹாஸ்டல் ரூம்ல சுவரோரம் சாய்ச்சு வச்சிருந்த கிட்டார் பையோட சரிஞ்சு விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. பெரிய சத்தமும் இல்லை. ஜிப்பைத் திறந்தா, தலை முன்னாடி மடங்கிக் கிடந்தது. கம்பிகள் துவண்டு கிடந்தன. உடைஞ்ச இடத்தை வெளிச்சத்துல பார்த்தேன். பாதி மரம் புதுசா, வெளுப்பா இருந்தது. மீதி பாதியில் மஞ்சளா, கண்ணாடி மாதிரி காய்ஞ்சு போன பழைய பசை. மேலே சிவப்பு பெயின்ட். ஏற்கெனவே உடைஞ்சு, உடனே காயும் பசையில ஒட்டி, பெயின்ட் அடிச்சு மறைச்சதை நான் 19,000 கொடுத்து வாங்கியிருக்கேன். அவர் நம்பருக்கு அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப். ஒரு வாரம் அடிச்சேன். அப்புறம் விட்டுட்டேன்.

அம்மாகிட்ட சொல்லலை.

சென்னையில ஒரு ரிப்பேர்காரர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்துட்டு, தச்சர்கள் பயன்படுத்துற வெள்ளைப் பசையில ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டார். “இனி இந்தக் கோட்டுல உடையாது. உடைஞ்சா பக்கத்து மரம்தான் உடையும்” என்றார். வாங்கப் போனப்ப கழுத்துக்குப் பின்னாடி ஒரு மெல்லிய கோடு தெரிஞ்சது. நான் அதையே பார்த்துட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு, “விக்கப் போறியா? இன்னும் 1,500 குடு. கோடு தெரியாம பெயின்ட் அடிச்சுத் தர்றேன்” என்றார்.

இங்கே நான் “வேண்டாம்”னு கம்பீரமா சொன்னேன்னு எழுதினா கட்டுரை நல்லா இருக்கும். ஆனா சொல்லலை. “ரெண்டு நாள்ல சொல்றேண்ணா”ன்னுதான் சொன்னேன். அந்த ரெண்டு நாளும் கணக்குப் போட்டேன். கோடு தெரிஞ்சா பத்தாயிரத்துக்குப் போகும். தெரியலைன்னா பதினேழுக்குத் தள்ளிடலாம். 1,500 போட்டா 7,000 கூட வரும். எந்த ப்ராஜெக்ட்ல இப்படி ரிட்டர்ன் வரும்? கணக்கு முழுக்க பெயின்ட் பக்கம்தான் இருந்தது.

அப்பதான் ஒண்ணு தோணுச்சு. தாம்பரத்து மனுஷரும் இதே இடத்துல நின்னு இதே கணக்கைப் போட்டிருப்பார். யார் கண்டா, அவரையும் ஒருத்தர் ஏமாத்தியிருக்கலாம். அவர் அடுத்து செஞ்சது நம்பரை மாத்தினது. நான் வித்தா வாங்கப் போறவன் யாரு? நம்ம காலேஜ், இல்லைன்னா கல்ச்சுரல்ஸ்ல பார்க்கிற பக்கத்து காலேஜ். நான் எந்த நம்பரை மாத்துறது? அதனால வேண்டாம்னு சொன்னேன். நேர்மைன்னு சொல்றதைவிட பயம்னு சொல்றதுதான் சரி. கோட்டோடவே எடுத்துட்டு வந்து, ரெண்டு வருஷம் வாசிச்சேன்.

இப்போ கதைக்கு வருவோம். வேலை கிடைச்சிருக்கு, ஜூலையில பெங்களூரு. பி.ஜி. அட்வான்ஸுக்குப் பணம் வேணும். நம்ம பேண்டுக்குப் புதுசா வந்த செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் கேட்டான்: “அண்ணா, கிட்டாரைக் குடுக்கறீங்களா? அக்கா பணம் தர்றேன்னு சொல்லியிருக்கா. என்ன விலைன்னு நீங்களே சொல்லுங்க.”

நீங்களே சொல்லுங்கன்னு ஒருத்தன் சொல்லும்போது வர்ற கஷ்டம் இருக்கே! பேரம் பேசுறவனைச் சமாளிக்கலாம், நம்புறவனைச் சமாளிக்க முடியாது. அதனால அவனை ரூமுக்கு வரச் சொல்லி, நான் தாம்பரத்துல பார்க்காம விட்டதையெல்லாம் அவன் கண்ணு முன்னாடி ஒண்ணொண்ணா பார்த்தேன். நீங்களும் கூட வாங்க.

முதல்ல கிட்டாரைத் திருப்பணும். தலையும் கழுத்தும் சேர்ற இடம், அதாவது நட்டுக்குப் பின்புறம். போன் டார்ச்சை நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல படுக்கவச்சு அடிங்க. கோடு, மேடு, நிறம் மாறின பெயின்ட் எல்லாம் நிழல்ல தெரியும். நகத்தால தடவிப் பாருங்க. ஏன் இந்த இடம்? ஆறு கம்பியும் சேர்ந்து நாற்பது கிலோவுக்கு மேல இழுக்குது. தலை பின்னாடி சாய்ஞ்சிருக்கறதால மரத்தோட ரேகை அங்கே குறுக்கே அறுபடுது. போதாததுக்கு, ட்ரஸ் ராடைத் திருக அந்த இடத்துலயே குடைஞ்சு வச்சிருக்காங்க. இருக்கிறதுலயே பலவீனமான இடம் அதுதான். “இதோ பாரு, கோடு” என்றேன். தம்பி தடவிப் பார்த்தான். ஒண்ணும் சொல்லலை.

ரெண்டாவது, கழுத்து வளைவு. ட்யூன் பண்ணிட்டு, முதல் ஃப்ரெட்ல ஆறாவது கம்பியை ஒரு கையால அழுத்திக்கிட்டு, கழுத்து உடம்போட சேர்ற இடத்துல இன்னொரு கையால அழுத்துங்க. ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி இருந்தா நல்லது. ரொம்ப அதிகம்னா ட்ரஸ் ராடைத் திருகிச் சரி பண்ணலாம், ஆனா ராடு திரும்புதான்னு வித்தவரைக் காட்டச் சொல்லுங்க. எனக்குத் திரும்புது.

மூணாவது, ஃப்ரெட். முதல் மூணு ஃப்ரெட்ல கம்பிக்கு அடியில பள்ளம் விழுந்திருக்கும், ஓப்பன் கார்டு வாசிச்சே தேய்ஞ்சது. பள்ளம் லேசா இருந்தா ராவிச் சமப்படுத்தலாம். ஆழமா இருந்தா ஃப்ரெட்டையே மாத்தணும், அது பெரிய செலவு. என்னோடது ராவற நிலைமை. 2,500 ஆகும்.

நாலாவது நம்ம டிபார்ட்மென்ட். ட்ரிபிள் ஈ ஆளுங்க மல்டிமீட்டரை எடுத்துட்டுப் போங்க. ஜாக்குல கேபிளை மாட்டி, வால்யூமை முழுசா வச்சு, கேபிளோட மறுமுனையில நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. இந்த மாதிரி கிட்டார்ல இருக்கிற ஹம்பக்கர் பிக்கப் பொதுவா ஏழு, எட்டு கிலோ ஓம் காட்டும். எனக்குப் பின்னாடி 8.1, முன்னாடி 7.6. ஸ்விட்சை நடுவுல வச்சா ரெண்டும் பேரலல், 3.9. தம்பி மனசுலேயே கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினான். மீட்டர் ஐநூறு கிலோ ஓம் பக்கம் காட்டினா பிக்கப் உள்ளே அறுந்துபோச்சு, பாட்டோட ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் தெரியுதுன்னு அர்த்தம்.

அடுத்து ஆம்ப்ல மாட்டி ஒவ்வொரு குமிழையும் திருகினோம். ஒரு டோன் குமிழ் கரகரன்னுச்சு. சாதாரண கட்டைக் கிட்டார்ல இது சின்ன வேலை, பின்மூடியைக் கழட்டி மாத்திடலாம். செமி ஹாலோவுல பெரும்பாலும் பின்மூடியே கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் நூல் கட்டி, எஃப் ஓட்டை வழியா வெளியே எடுத்து, வேலை முடிச்சுத் திரும்ப அதே நூலைப் பிடிச்சு இழுத்து உட்கார வைக்கணும். கிணத்துல விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி. பாகம் மலிவு, கூலி அதிகம். மொத்தம் 1,800.

கடைசியா, எஃப் ஓட்டைக்கிட்ட போனை வச்சு டார்ச்சோட வீடியோ எடுங்க. உள்ளே ஒட்டுப் போட்ட கட்டை, விலகின பலகை எல்லாம் தெரியும். உடம்பை விரலால தட்டிப் பாருங்க, சலசலன்னா உள்ளே ஏதோ விட்டுப்போச்சு. இதுல என்னோடது சுத்தம். கடல் காத்துல பிரிட்ஜ் திருகுகள் மட்டும் துருப் பிடிச்சிருந்தது. அதுக்கும் கம்பிக்கும் சேர்த்து 700.

இப்போ விலை. இணையத்துல போட்டிருக்கிற விலையைப் பார்க்காதீங்க, அது வித்தவங்களோட ஆசை. நிஜமா கை மாறின விலையைக் கேளுங்க. நான் மூணு பேர்கிட்ட விசாரிச்சதுல, இதே மாடல் நல்ல நிலையில 20,000 போயிருக்கு. அதுல 2,500, 1,800, 700 கழிச்சா 15,000.

இன்னும் தலை இருக்கு. “அதான் ஒட்டியாச்சே, எதுக்குக் கழிக்கணும்?” என்று என் வாய் வரை வந்தது. பழைய கிப்சன்லயே தலை உடைஞ்சு ஒட்டினதுன்னா விலை கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிடும்னு இந்த வட்டாரத்துல எல்லாரும் சொல்வாங்க. வாசிப்புல வித்தியாசம் தெரியாம இருக்கலாம். ஆனா நாளைக்குத் தம்பி விக்கும்போது அவனும் இந்தக் கோட்டைக் காட்டணும். அப்போ அவனுக்கு விழப்போற அடியை இன்னைக்கே நான் ஏத்துக்கணும். பாதி கழிக்க மனசு வரலை. நாற்பது சதவீதம் கழிச்சேன்.

“ஒம்பதாயிரம்” என்றேன்.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டான், “அண்ணா, நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?” சொன்னேன். “யாரும் உங்ககிட்ட சொல்லலையா?” என்றான். “இல்லைடா.”

அவன் கிட்டாரை எடுத்து மடியில வச்சு ஒரு பத்து நிமிஷம் வாசிச்சான். என்னைவிட நல்லாவே வாசிக்கிறான், அது வேற கடுப்பு. வாங்கிக்கிட்டான். உடைஞ்ச அன்னைக்கு எடுத்த போட்டோக்களையும், ஒட்டின தேதியையும் அனுப்பிவிட்டேன். “நீ விக்கும்போது இதையும் சேர்த்துக் குடு” என்றேன்.

22,500 போட்டு 9,000 எடுத்தேன். 13,500 போச்சு. ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி, ரெண்டு வருஷமா சொல்லாததை முதல்ல இருந்து சொன்னேன். திட்டு விழும்னு போனைக் காதுல இருந்து கொஞ்சம் தள்ளியே வச்சிருந்தேன். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, “வாங்கின பையன்கிட்ட உடைஞ்சதைச் சொல்லித்தான் குடுத்தியா?” என்றாள்.

“சொன்னேம்மா.”

“சரி. சாப்பிட்டியா?”

அவ்வளவுதான். நீங்க யாராவது செகண்ட் ஹேண்ட் கிட்டார் பார்க்கப் போறீங்கன்னா, டார்ச், மல்டிமீட்டர், விசிட்டிங் கார்டு மூணையும் எடுத்துக்கோங்க. “சாயங்காலம் இன்னொருத்தர் வர்றார்”னு சொன்னா, வரட்டும்னு விடுங்க. கூட ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க. மே மாசம் வரைக்கும் ஹாஸ்டல்லதான் இருப்பேன். நம்பர் மாத்தலை.