வெள்ளிக்கிழமை என்றால் 'கரே ரைஸ்'! மாலுமிகளின் தட்டுக்கு 'ரூ' வந்த கதை சொல்லும் யோகோசுகா

ஜப்பான் கடற்படைக் கப்பல்களில் கிழமை பார்க்க காலண்டர் தேவையில்லை. சாப்பாட்டுத் தட்டில் 'கரே ரைஸ்' வந்தால் அன்று வெள்ளிக்கிழமை! நாள்கணக்கில் கடலை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கிழமை மறந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த வழக்கம் என்கிறார்கள். கப்பலுக்குக் கப்பல் செய்முறையும் ருசியும் மாறும் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

இந்தக் கடற்படை கரேயை ஊரின் அடையாளமாகவே மாற்றிக்கொண்ட நகரம் யோகோசுகா. 1999-ல் 'கரே நகரம்' என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஊர் இது. டோக்கியோவுக்குத் தெற்கே, ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். 'யோகோசுகா சூவோ' நிலையத்தில் இறங்கினால், கால் மணி நேர நடையில் மிகாசா பூங்கா. 1905 சுஷிமா கடற்போரில் ஜப்பானின் தலைமைக் கப்பலாக இருந்த 'மிகாசா' இப்போது இங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. துறைமுகத்தைப் படகில் சுற்றி வந்தால் ஜப்பானியப் போர்க்கப்பல்களையும் அமெரிக்கப் போர்க்கப்பல்களையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

பார்த்து முடித்ததும் பசிக்கும். அப்போதுதான் இந்த ஊரின் நிஜமான கதை தொடங்குகிறது!

தட்டில் என்ன இருக்கும்?

தட்டின் ஒரு பக்கம் சோறு. மறுபக்கம் பழுப்பு நிறத்தில், கூழ் போலக் கெட்டியான குழம்பு. அதில் பெரிய பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், இறைச்சி. கூடவே சாலட், ஒரு கிளாஸ் பால். 'யோகோசுகா கடற்படை கரே' என்ற பெயரில் பரிமாற வேண்டுமென்றால் சாலட்டும் பாலும் கட்டாயம் என்பது இந்த ஊரின் விதி.

நம் குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவது பருப்பு, தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை. அவசரத்துக்கு அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவதும் உண்டு. இங்கே அந்த வேலையைச் செய்வது 'ரூ'. கொழுப்பில் வறுத்த கோதுமை மாவு, அவ்வளவுதான். பெயரும் முறையும் பிரெஞ்சு சமையலறையைச் சேர்ந்தவை. பல சூப்புகளுக்கும் சாஸ்களுக்கும் அங்கே இதுதான் அடித்தளம்.

பிரெஞ்சு 'ரூ' ஜப்பான் மாலுமியின் தட்டுக்கு எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது.

வெள்ளைச் சோறு தந்த நோய்

1882-ல் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் கிளம்பியது. கப்பலில் 376 பேர். அவர்களில் 169 பேரைப் பெரிபெரி நோய் தாக்கியது. 25 பேர் இறந்துபோனார்கள். கால்கள் மரத்துப்போய், உடல் வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும் நோய் அது.

கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோவுக்கு மாலுமிகளின் சாப்பாட்டின் மீது சந்தேகம் வந்தது. அவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. 1884-ல் 'சுகுபா' என்ற கப்பலை அதே வழியில் அனுப்பவைத்தார். இந்த முறை உணவில் இறைச்சி, பால், ரொட்டி போன்றவை சேர்க்கப்பட்டன. பெரிபெரியால் ஒருவர்கூட சாகவில்லை! பிறகு அரிசியோடு பார்லி கலந்த சோறும் கடற்படைக்கு வந்தது.

நோய்க்குக் காரணம் புரதக் குறைவு என்றே தகாகி நினைத்தார். உண்மையில் குறைந்தது வைட்டமின் பி1. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்து அது. காரணம் தவறு என்றாலும் மருந்து சரியாக இருந்தது. ஆனால், தரைப்படை அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1904-05 ரஷ்யப் போரில் சுமார் 27,000 ஜப்பானிய வீரர்கள் பெரிபெரியாலேயே மடிந்தார்கள்.

மாலுமிகளைக் காப்பாற்றியது கரே மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இறைச்சி, காய்கறி, மாவு எல்லாவற்றையும் பழகிய சோற்றின் மீதே ஊற்றிக் கொடுக்க அது நல்ல வழி. ஜப்பான் கடற்படைக்கு முன்மாதிரி பிரிட்டிஷ் கடற்படை. மாவு சேர்த்துக் கெட்டியாக்கும் கரேயும் பிரிட்டனிலிருந்தே வந்தது. கப்பல் ஆடும்போது தட்டிலிருந்து சிந்தாது என்பது கூடுதல் லாபம்!

நரியின் நிறம் வரும்வரை...

1908-ல் ஜப்பான் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டில் இந்தச் செய்முறை இருக்கிறது. மாட்டுக்கொழுப்பில் கோதுமை மாவை 'நரி நிறம்' வரும்வரை வறுக்கச் சொல்கிறது. பொன்பழுப்புக்கு ஜப்பானியர்கள் சொல்லும் பெயர் அது. அதன் பிறகே கறி மசாலாத்தூள், சூப்.

நம் வீட்டில் நெய்யிலேயே செய்யலாம். நான்கு பேருக்கு 3 மேசைக்கரண்டி நெய், 4 மேசைக்கரண்டி மைதா போதும். எடையில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

அடிகனமான வாணலியில் நெய்யை உருக்கி, மைதாவைப் போட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் பச்சை வாசனை போகும். அதுதான் வெள்ளை 'ரூ'. பால் சேர்த்தால் வெள்ளை சாஸ், காய்கறி வேகவைத்த நீர் சேர்த்தால் சூப். கரேவுக்கு 12 முதல் 15 நிமிடம் வரை பொறுமை வேண்டும். வறுத்த வேர்க்கடலை வாசனை வரும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் தீய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி கறி மசாலாத்தூளைச் சேருங்கள். பிறகு 3 கப் வெந்நீரையோ சூப்பையோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மறுபடி கொதிக்கவிடுங்கள். கட்டி தட்டாது. மாவுத்துகள் ஒவ்வொன்றையும் நெய் சுற்றியிருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, அதுதான் ரகசியம். வெந்த காய்கறி, உப்பு சேர்த்து இறக்கினால் கரே தயார். ஒரு விஷயம்... நிறம் கூடக் கூட ருசி ஏறும், ஆனால் கெட்டியாக்கும் சக்தி குறையும். அதனால் சூப்புக்கு வெள்ளை, கரேவுக்குப் பழுப்பு.

ஜப்பான் வீடுகளில் இன்று பெரும்பாலும் சாக்லேட் பட்டை போன்ற ரெடிமேட் 'ரூ'தான். ஆப்பிளும் தேனும் சேர்ந்த 'வெர்மான்ட் கரே' 1963 முதல் விற்பனையில் இருக்கிறது. பல பட்டைகளில் விலங்குக் கொழுப்பு இருக்கும் என்பதால், சைவர்கள் வாங்கும்முன் அட்டையைப் படித்துவிடுவது நல்லது.

'கறி' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் 'கரி' வந்தது என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. அந்தச் சொல்தான் பிரிட்டன் வழியாக ஜப்பானுக்குப் போய் 'கரே' ஆனது. 1908 கையேட்டில் உள்ள இந்தச் செய்முறையின் கடைசி வரியில் இன்னோர் இந்தியச் சொல்லும் இருக்கிறது. கரேயோடு தொட்டுக்கொள்ளப் பரிமாறச் சொல்லியிருப்பது... சட்னி!