விருந்தாளியும் வழிகாட்டியும்

சொகுசுப் பயணங்களைப் பற்றி எழுதுவோரைப் பயண வல்லுநர் எனலாமா? விடுதி தந்த இலவச அறையில் தங்கியவரின் சொல்லை எப்படி நம்புவது என்பதே வழக்கமான ஆட்சேபம். தமிழ் கற்பிக்கும் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நம் ஆற்றுப்படைகள் (திருமுருகாற்றுப்படையைத் தனியே வைப்போம்) பரிசில் பெற்றவன் கூற்றாக அமைந்தவைதாமே!

பெரும்பாணாற்றுப்படையையே பாருங்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்லும் 500 அடிகள். ஆனால் அரண்மனைக்கு முன்பே வழி வந்துவிடுகிறது. குடும்பத்தோடு உப்பு வண்டியில் செல்லும் உமணர், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள், சுங்கம் வாங்கும் பெருவழி, எயினர் குடிலில் என்ன சோறு கிடைக்கும், வலைஞர் குடியில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. இலவசத் தங்கலை வெளிப்படுத்த வேண்டுமென்று நம் அரசு 2023இல்தான் நெறிமுறை வகுத்தது. பாணனோ பெற்றதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான்.

ஆக, குறை பரிசிலில் இல்லை. வழி இல்லாததில் இருக்கிறது. மெத்தையையும் காலைச் சிற்றுண்டியையும் நுணுக்கமாக எடைபோடுகிறவரை விடுதி வல்லுநர் என்று மனமுவந்து ஒப்புக்கொள்வேன். விமான நிலையத்திலிருந்து அறை வாசல்வரை குளிர்பதனக் காரில் கழிந்த தூரம் மட்டும் அவர் கட்டுரையில் இராது.

அதே தொண்டை நாட்டில்தான் வல்லம் வடகால் இருக்கிறது. பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. எந்தப் பேருந்து நள்ளிரவில் ஊர் சேர்க்கும், எந்த நிறுத்தத்தில் பெண்ணொருத்தி தனியே இறங்கலாம், விடியுமுன் எந்தக் கடையில் இட்லி கிடைக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் பயணக் கட்டுரை கேட்பதில்லை.