கொட்டியாரத்து அம்மம்மா

திருகோணமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் துறைமுகத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஆழமான இயற்கைத் துறை, அதற்காக அடிபட்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பக்கங்கள் நிறையும். அந்தத் துறைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூரில் நெல்லை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்தப் பக்கங்களில் இடம் கிடைத்ததில்லை. என் அம்மம்மா அந்தக் கரைக்காரி. தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். புனித அந்தோனியார் கோயிலும் தகப்பன் கொடுத்த வயலும் தவிர அவருக்கு மூன்றாவது உலகம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டும் அவரிடம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒக்டோபர் செபமாலை மாதம். மாரி விதைப்பும் அதே மாதம்தான். பகல் முழுக்க விதைப்புக்காரரோடு வரம்பில் நின்றுவிட்டு, இரவில் பிள்ளைகளை வரிசையாக முழங்காலில் இருத்தி ஐம்பத்துமூன்று மணியும் சொல்ல வைப்பார். தூங்கி விழுகிற பிள்ளைக்கு அடி விழாது. அடுத்த பத்து மணியை அந்தப் பிள்ளையே முன்னின்று சொல்லவேண்டும். நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். வாடைமழை கொட்டும்போது சேமக்காலையில் மெழுகுதிரி நிற்காது. வீட்டு விறாந்தையில் ஏற்றிவைத்துச் செத்தவர்களைப் பேர்பேராய்ச் சொல்லி மன்றாடுவார். நத்தாருக்குப் பயிர் குடலையில் நிற்கும். பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்ததும் புதுச் சேலையை மாற்றாமலே வயலைப் பார்த்து வருவார்.

தவக்காலத்தைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். மாரிப்போக அருவிவெட்டு மாசி, பங்குனியில் வரும், தவக்காலமும் அப்போதுதான். ஆண்டிலே வீடு நிறைந்திருக்கிற ஒரே காலத்தில் அம்மம்மா ஒருசந்தி இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். வெட்டுக்கு வந்தவர்களுக்கோ குறை வைக்கமாட்டார். சோறும் பருப்பும் மீன்குழம்பும் தயிரும் தன் கையாலே பரிமாறுவார். வந்தவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள், சைவர்கள் இருந்தார்கள். "நீங்களும் சாப்பிடுங்கோ அம்மா" என்று யாராவது சொன்னால், "வெட்டுறவனுக்குப் பசிக்கும், நிக்கிறவளுக்கு என்ன பசி?" என்பார். உச்சி நேரத்தில் கோயில் மணி கேட்டதும் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு திரிகால செபம் சொல்லுவார். அது முடியும்வரைக்கும் வெட்டுக்காரரும் கத்தியைத் தாழ்த்தி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களை நிற்கச் சொன்னதில்லை.

சூடு மிதித்து நெல் குவிந்ததும் களத்தார் 'பொலி, பொலி' என்று கூவுவார்கள். அம்மம்மா குவியலின் மேல் சிலுவை அடையாளம் போட்டு முதல் மரைக்காலைக் கோயிலுக்கென்று அளந்து வைப்பார். அடுத்தது, அந்த ஆண்டு விளைச்சல் பொய்த்துப்போன வீட்டுக்கு. எந்த வீடென்று களத்தில் சொல்லமாட்டார். இருட்டினபிறகு என் மாமா ஒருவர் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு போய்வருவார்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, பாஸ்குவுக்கு அடுத்த வியாழக்கிழமை, யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டுபோட்டன. அம்மம்மா அப்போது புதுப்பெண். குடாவுக்கு அப்பால் எழும்பிய கரும்புகையைக் கரையில் நின்று பார்த்ததையும், நகரத்தை விட்டு ஓடிவந்த சனத்துக்குப் பெரிய கிடாரத்தில் கஞ்சி வைத்ததையும் சொல்லுவார். யார் குண்டு போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதெல்லாம் அவர் கதையில் வராது. கஞ்சிக்கு உப்புப் போதாமற்போனது மட்டும் ஒவ்வொரு முறையும் வரும்.

நகரத்துக்குப் போவதென்றால் லோஞ்ச். தரைவழியென்றால் ஆறுகளைப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடக்கவேண்டும். பாலையூற்று லூர்து அன்னையிடம் போகிற நாளில் விடியப்புறமே இறங்குதுறையில் நிற்பார். 1947 முதல் 1974 வரை ஆயராயிருந்த இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகையிடம்தான் அவருடைய பிள்ளைகள் உறுதிபூசுதல் பெற்றார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சேசுசபைச் சாமிமார் பேசிய தமிழ் அவருக்கு நன்றாய்ப் பிடிக்கும். அவர்களில் ஒருவர் யூஜின் ஹேபியர் சாமி. திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பிறகு மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. இன்றுவரை தடயம் இல்லை. ஒவ்வொரு மாதா திருநாளிலும் அவருக்காக ஒரு செபமாலை சொல்லுவதை அம்மம்மா விட்டதில்லை. 'ஆத்துமம் இளைப்பாற' என்று அதைச் சொல்லவே மாட்டார். 'வழி காட்டும் தாயே' என்றுதான் முடிப்பார். காணாமற்போனவர்களை நினைத்து அழுத எத்தனையோ வீடுகள் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் அம்மம்மாவிடம் வந்து உட்காருவார்கள். ஆறுதல் என்று எதுவும் சொல்லாமல் செபமாலையின் மறுபாதியை அவர்கள் கையில் கொடுப்பார்.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. எண்பது தாண்டிய அம்மம்மாவைப் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் தங்களோடு கூட்டிப்போனது. திரும்பி வந்தபோது வயலில் பற்றை மண்டிக் கிடந்தது. எங்கள் தாய்மாமன்மார் கனடாவுக்குப் போயிருந்தார்கள். விற்றுவிடுங்கள் என்று தொலைபேசியில் கெஞ்சினார்கள். அம்மம்மா கேட்கவில்லை. தோடுகளை அடகுவைத்துப் பற்றை வெட்டுவித்தார். அந்தப் பிடிவாதத்தை நான் அப்போது முதுமையின் பிடிவாதம் என்றே நினைத்தேன். இப்போது அதை விசுவாசம் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு பேருந்தில் ஒருமுறை அதைக் கடந்தார். "இனிச் சாமிக்குப் பாதை பிந்தினதெண்டு சாட்டுச் சொல்லேலாது" என்று சிரித்தார்.

வயலை இப்போது அதே பக்கத்து வீட்டுக்காரர் குத்தகைக்குச் செய்கிறார். குத்தகை பேசும்போது அம்மம்மா வைத்த நிபந்தனை இரண்டு. வெட்டுக்கு வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வயலிலேயே கொடுக்கவேண்டும். விளைச்சல் பொய்த்த வீட்டுக்கு இரண்டாம் மரைக்கால் போகவேண்டும், அந்த வீடு எந்தச் சமயமென்றாலும். போன பங்குனியில் நான் போனபோது, அந்த ஆண்டு நெல் எந்த வீட்டுக்குப் போனது என்று குத்தகைக்காரரிடம் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.